இரண்டு மச்சான்களுக்கு நடுவே

அப்பாவுக்கு மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டபோது வயது ஐம்பத்திரண்டு. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வலது கை, வலது கால், வாயின் வலது ஓரம் மூன்றும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சும் போய்விட்டிருந்தது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. மச்சான்.

தாகம் எடுத்தாலும் மச்சான், முதுகு வலித்தாலும் மச்சான். பெற்ற மகள் நான், என்னையும் மச்சான் என்றார். கேஸ் சிலிண்டர் போட வந்தவரை அப்படிக் கூப்பிட்டபோது, அந்த மனிதர் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுங்க மச்சான்" என்று குனிந்து நின்றார். அப்பாவுக்கு அதற்கு மேல் சொல்ல எதுவும் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மாவும் மச்சான்தான். முதல் சில நாள் அம்மா சிரித்துச் சமாளித்தாள். "இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு எனக்குக் கிடைச்ச பட்டத்தைப் பாத்தியா" என்றாள் என்னிடம். பிறகு ஒருநாள் பீரோவிலிருந்த துணிகளையெல்லாம் கட்டிலில் கொட்டி, மடித்திருந்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை காதில் விழுந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

அப்பாவும் அம்மாவின் அண்ணனும் லிஃப்ட் மெக்கானிக்குகள். ஒரே கம்பெனியில் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். அப்பாவுக்கு இருபது வயது, மாமாவுக்கு இருபத்தொன்று. அந்த வயதுப் பையன்கள் எல்லோரையும் போல இரண்டாம் நாளே ஒருவருக்கொருவர் மச்சான் ஆகிவிட்டார்கள். அதில் உறவும் இல்லை, யோசனையும் இல்லை. சட்டைப் பையில் சீப்பு வைத்துக்கொள்வது போல அது ஒரு வயதுப் பழக்கம்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் பெற்றோர் சீக்கிரமே போய்விட்டார்கள். தங்கையைப் படிக்க வைத்ததும், பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவில் சேர்த்துவிட்டதும் மாமாதான். ஐந்து வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அந்த வீட்டுக்குச் சாப்பிட வருவார். வரும்போது பிஸ்கட் பொட்டலம் வாங்கி வருவார். அதை நேராகக் கொடுக்கக் கூச்சப்பட்டு, செருப்பு விடும் இடத்தில் இருந்த ஸ்டூல் மேல் வைத்துவிட்டு உள்ளே வருவார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமா கேட்டாராம், "சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருந்தா போதுமா, மச்சான் ஆக வேண்டாமா?" அப்பா கையைத் துடைக்காமலேயே நின்றார். மாமா விளக்கிச் சொன்னார். ஒருத்தனை மச்சான் என்று கூப்பிடுவதற்கு என்ன அர்த்தம், என் தங்கையை உனக்குக் கொடுப்பேன் என்றுதானே, அதைவிடப் பெரிய நம்பிக்கை என்ன இருக்கிறது, என்றார். அம்மா அப்போது அடுப்பங்கரை வாசலில் டீ தம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கும் அவரைப் பிடிச்சிருந்தது, அது வேற விஷயம்" என்பாள் அம்மா. "ஆனா கேட்டாங்களா? கேக்கல. தம்ளரை வாங்கிக்கிட்டாங்க."

கல்யாணத்துக்குப் பிறகு சொல் அப்படியே இருந்தது, எடை கூடிவிட்டது. மச்சான் என்பதோடு ஒட்டியிருந்த 'டா'வை என்ன செய்வது என்று மாமா யோசித்தார். உறவு வந்துவிட்டதால் டா போடக் கூடாது என்று ஒரு வாரம் விரதம் போல இருந்து பார்த்துவிட்டு, முடியவில்லை என்று கைவிட்டார். வேலையிடத்தில் அவர்கள் இருவருக்கும் மச்சான் கம்பெனி என்றே பெயர். பதினெட்டு வருடம் ஜோடியாக வேலை பார்த்தார்கள்.

அந்த வேலையில் ஒருவர் மேலே இருக்க வேண்டும், ஒருவர் கீழே. கட்டடத்தின் உச்சியில் மெஷின் ரூம். அடியில், தரைக்கும் கீழே ஒரு குழி. இரண்டுக்கும் நடுவே லிஃப்ட் ஏறி இறங்கும் உயரமான ஷாஃப்ட். கீழே இருப்பவர் குழியை விட்டு வெளியே வந்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் மேலே இருப்பவர் லிஃப்டை நகர்த்த வேண்டும். அதற்குக் கம்பெனி வாக்கிடாக்கி கொடுத்திருந்தது. பேட்டரி பாதி நாள் செத்துக் கிடக்கும். இவர்கள் அதை நம்பவில்லை. மெஷின் ரூம் தரையில் கம்பி வடங்கள் இறங்கும் ஓட்டை வழியாக அப்பா, "மச்சான்" என்று குரல் கொடுப்பார். கீழே மாமா குழியை விட்டு வெளியே வந்ததும் பதிலுக்கு, "மச்சான்" என்பார். பதில் வந்தால் நகர்த்தலாம் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் காத்திருக்க வேண்டும். ஒருநாளும் தப்பியதில்லை.

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, புதிதாகக் கட்டி முடித்த பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் வேலை. இன்னும் யாரும் குடிவரவில்லை. மாமா குழியில் இறங்கி எண்ணெய்க் கசடைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழிக்குள்ளேயே ஒரு நிறுத்தும் சுவிட்ச் உண்டு. ஆள் இறங்கினால் அதை அமுக்கிவிட்டால் லிஃப்ட் நகராது. அது வேலை செய்யவில்லை என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார்கள், யாரும் மாற்றவில்லை. அப்பா மேலிருந்து குரல் கொடுத்தார். பதில் வந்தது. லிஃப்டை நகர்த்தினார். லிஃப்ட் பெட்டி மேலே ஏற ஏற அதற்கு ஈடான இரும்பு எடை மறுபக்கம் கீழே இறங்கும். அது இறங்கும் இடத்தில் மாமாவின் இடது கால் இருந்தது.

கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடை விட்டு எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில் கேட்டது ஒரே கேள்வி. பதில் வந்ததா, வரவில்லையா? அப்பா வந்தது என்றார். "என் காதால கேட்டேன், அவன் குரல்தான்." மாமா கட்டிலில் படுத்தபடி, நான் வாயைத் திறக்கவே இல்லை என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லத் தெரியாதவர்கள். அதிகாரிகளுக்கு அதைப் பற்றி என்ன கவலை? ஒருவர் சொல்வது பொய்யாக இருந்தாக வேண்டும். கீழே இருந்தவர் குழியை விட்டு ஏறாமலேயே, பழக்க தோஷத்தில் பதில் கொடுத்திருக்கிறார் என்று எழுதி முடித்தார்கள். அப்பாவுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை நிலைத்தது. மாமாவுக்குக் காலும் போய், தப்பும் அவர் தலையில் விழுந்தது.

மாமா வீட்டுக்கு வந்த பிறகு அப்பா பார்க்கப் போனார். மாமா சொன்னது அம்மாவுக்கு நினைவிருக்கிறது. "கால் போனதுக்கு உன்னை ஒண்ணும் கேக்கல. என் காதுல விழுந்தது தப்பா இருக்கலாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. போதும்." அப்பாவால் சொல்ல முடியவில்லை. கேட்டதை எப்படிக் கேட்கவில்லை என்பது? அதன்பிறகு அந்த வீட்டுப் படியை அவர் ஏறவில்லை. அம்மாவை மட்டும் வரச் சொன்னார் மாமா. "நீ வா. அவன் பேரை எடுக்காம வா."

அம்மா அப்படியே போய்வந்தாள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, இரண்டு பஸ் மாறி. மாமா செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு, ஒரு பழைய வணிகக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் சாவி செய்யும் கடை போட்டிருந்தார். உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம் என்பதற்காக அந்தத் தொழில். வருகிறவர்களையெல்லாம் தம்பி என்பார், சார் என்பார். அப்பாவும் அப்படித்தான். வேலையில் அவருக்குப் புதிய ஜோடி வந்தார், அவரை சார் என்றுதான் கூப்பிட்டார்.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். சீருடையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் சொன்னார். இன்னொரு புதுக் கட்டடம், அதுவும் ஆள் இல்லாதது. கூட வந்தவர் கீழே டீ குடிக்கப் போயிருந்தார். அப்பா மெஷின் ரூமில் தனியாக இருந்தார். என்ன நினைத்தாரோ, ஓட்டைப் பக்கம் குனிந்து, மூன்று வருடமாகச் சொல்லாத அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தார். கீழிருந்து, "மச்சான்" என்று திரும்பி வந்தது.

பழைய கட்டடங்களில் ஒவ்வொரு மாடியிலும் கம்பிக் கதவு. குரல் இடுக்குகளில் கசிந்து போய்விடும். இந்தப் புதியவற்றில் எல்லா மாடியிலும் இரும்புக் கதவு இறுக்கமாக மூடியிருக்கும். நாலு பக்கமும் வழவழப்பான சுவர். போன குரல் அடியைத் தொட்டுவிட்டு, கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் தடித்து, வேறு ஆள் குரல் போலத் திரும்புகிறது. அப்பா பத்துத் தடவை கூப்பிட்டுப் பார்த்தாராம். பத்துத் தடவையும் பதில் வந்தது.

"என் குரலை நானே கேட்டுட்டு அவன் காலை எடுத்துட்டேன்" என்றார்.

அம்மா உடனே கிளம்பலாம் என்றாள். அண்ணனிடம் சொல்லிவிடலாம், அவன் எதிர்பார்ப்பது இதைத்தானே. அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் சொல்லணும். நீ போய் சொன்னா அது தூது. எனக்காக நீ வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லு." அம்மா சொன்னாள். அவர் அடுத்த ஞாயிறே போய்விடுவார் என்ற நம்பிக்கையில் சொன்னாள்.

போனார். சாவிக் கடை இருக்கும் தெரு முனைவரை போனார். எதிர்ச் சாரியில் நின்று, மாமா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாக உட்காருவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். இப்படி எத்தனை முறை என்று அம்மா எண்ணவில்லை. முதலில் மாதம் ஒருமுறை, பிறகு வருடத்துக்கு இரண்டு. ஒவ்வொரு முறையும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போவார். வந்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். முதல் இரண்டு வருடம் அம்மா சண்டை போட்டாள், அழுதாள், நீங்களெல்லாம் ஒரு ஆம்பளையா என்றுகூடக் கேட்டாள். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள்.

அதற்குள் அவளே இதில் மாட்டிக்கொண்டுவிட்டாள். ஒரு ஞாயிறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமாவே தான் போட்ட விதியை மீறி அப்பாவைப் பற்றிக் கேட்டார். "பாப்பா, அவன் உன்கிட்டயாவது ஏதாவது சொன்னானா? நிஜமாவே கேட்டானாமா?" அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் சொல்லலண்ணா" என்றாள். அத்தை மோர் ஊற்ற வந்தாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அம்மா தன் வாழ்க்கையில் சொன்ன பொய்கள் நிறைய இருக்கலாம், எல்லோரையும் போல. இந்த ஒன்றை மட்டும் அவளால் என்னிடம் சாதாரணமாகச் சொல்ல முடிந்ததே இல்லை.

பதினோரு வருடம் போனது. பிறகு அப்பா விழுந்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்தார். படங்கள் ஒட்டிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார். பூனை, நாற்காலி, குடை. அப்பா கவனமாகப் பார்த்து, உதட்டைக் கூட்டி, முழு முயற்சியோடு மச்சான் என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும். இடது கையால் தொடையில் அடித்துக்கொள்வார். அந்தப் பெண் அம்மாவிடம், யாரை இவர் அப்படிக் கூப்பிடுவார், நண்பரா, உறவினரா என்று கேட்டார். இரண்டும் என்றாள் அம்மா. மிகவும் பிரியமான வார்த்தைதான் மிஞ்சுமா என்று கேட்டேன் நான். அப்படி இல்லை, அதிகமாகப் புழங்கிய தடம்தான் சில சமயம் அழியாமல் நிற்கும், அது ஏன் இந்த வார்த்தை என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர்.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை நூலகத்தில் தடித்த அகராதியைப் புரட்டி அந்தச் சொல்லைத் தேடியிருக்கிறேன். மைத்துனன் என்பது தேய்ந்து மச்சான் ஆனது என்று போட்டிருந்தது. மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், மாமன் மகன், அத்தை மகன் என்று அர்த்தம் நீண்டது. நண்பன் என்று அதில் இல்லை. பயிற்சியாளர் போன பிறகு இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்பாவின் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அதுல எங்க பாத்தாலும் ஒரு பொண்ணு இருக்கா பாரு" என்றாள். "ஒருத்தனுக்குப் பொண்டாட்டி, இன்னொருத்தனுக்குத் தங்கச்சி. அவ இல்லாம அந்த வார்த்தையே கெடையாது. பசங்க கூப்பிட்டுக்கிறப்ப அவளை யார் நெனைக்கிறாங்க."

நான்கு மாதம் காத்திருந்தாள். நாளைக்கு ஒரு வார்த்தை கூடிவிடும், அடுத்த மாதம் ஒரு வாக்கியம் வந்துவிடும், அவரே சொல்லிவிடுவார் என்று. ஐந்தாம் மாதம் பயிற்சியாளர் அட்டைகளைக் குறைத்துக்கொண்டார். இனி பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று பதமாகச் சொன்னார். மறுநாள் அம்மா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு என்னையும் அழைத்துக்கொண்டு மாமாவின் கடைக்குப் போனாள்.

அப்பா விழுந்தது மாமாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு அத்தையைத்தான் அனுப்பியிருந்தார், அவர் வரவில்லை. நாங்கள் போனபோது ஒருவர் சாவிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அம்மா அதற்குக்கூடப் பொறுக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். புதுக் கட்டடம், மெஷின் ரூம், எதிரொலி, பத்துத் தடவை. மாமா மெஷினை நிறுத்தவில்லை. சாவியைக் கடைந்து முடித்து, பிசிறை அரத்தால் தேய்த்து, வாயால் ஊதி, அந்த ஆளிடம் கொடுத்து அனுப்பினார். அப்புறம் கேட்டார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"பதினோரு வருஷமாச்சுண்ணா."

மாமா அரத்தைத் துடைத்துக் கீழே வைத்தார். கோபப்படுவார், கத்துவார் என்று நினைத்தேன். குரல் எழும்பவே இல்லை.

"நான் வாயைத் திறக்கலன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அத்தனை பேரும் திறந்தேன்னாங்க. பழக்கத்துல வாய் தானாச் சொல்லியிருக்குமோன்னு எனக்கே தோணிடுச்சு. பதினாலு வருஷம் என் வாயையே நான் சந்தேகப்பட்டேன் பாப்பா. கண்ணாடி பாத்து ஷேவ் பண்றப்பகூட. உன்கிட்ட நான் கேட்டேனே. என் வீட்டுத் தட்டுல சாப்பிட்டுக்கிட்டே இல்லன்னு சொன்னியே."

"அவர் சத்தியம் வாங்கிட்டாருண்ணா."

"அவன் பயந்தவன். அவனை நான் மன்னிச்சுடுவேன். நீ என் கையில வளந்தவ."

அம்மா படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மாமா ஷட்டரை இறக்கினார், என்னைப் பார்த்து, "அப்பா முழிச்சிருப்பாரா?" என்று கேட்டார். நாங்கள் மூவரும் பஸ்ஸில் வந்தோம். மாமா முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

அப்பா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டுத் திரும்பினார். முகத்தின் இடது பாதி மட்டும் மாறியது, வலது பாதிக்கு விஷயம் எட்டவில்லை. மச்சான் என்றார். மாமா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "மச்சான்" என்றார். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, அப்பாவின் காதருகே குனிந்தார். "எதிரொலிடா. தெரிஞ்சுபோச்சு. விடு." அப்பாவின் இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. மாமா தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். அதில் இரும்புத் தூள் ஒட்டியிருந்ததால் அப்பாவின் கன்னத்தில் சாம்பல் நிறக் கோடு விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் பயிற்சியாளர் வந்தார். அப்பா அவரைப் பார்த்தும், அதே குரலில், மச்சான் என்றார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"எல்லாரையுமா?"

ஆமாம் என்றேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவின் கையை மட்டும் விடவில்லை.

அன்று சாயங்காலம் மாமா போன பிறகு அம்மா அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். அப்பா ஸ்பூனை வாங்காமல் அவளையே பார்த்தார். மச்சான் என்றார், மெல்ல. அம்மா சொன்னாள், "ஆமா, சொல்லிட்டேன். நீங்க சொல்றதுக்குள்ள எல்லாரும் போய்ச் சேந்துடுவோம்னுதான் சொன்னேன்." அவர் மறுபடியும் அதையே சொன்னார். கோபப்பட்டாரா, நன்றி சொன்னாரா, தண்ணீர் கேட்டாரா என்று தெரியவில்லை. அம்மா எதற்கும் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார்.

அதன்பிறகு எட்டு மாதம் அப்பா இருந்தார். மாமா வாரத்தில் நான்கு நாள் கடையை மத்தியானமே சாத்திவிட்டு வந்துவிடுவார். அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிடுவார், நகம் வெட்டுவார், பழைய கட்டடங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி எங்கே எந்த லிஃப்ட் மக்கர் பண்ணும் என்று கதை சொல்வார். அப்பா நடுநடுவே மச்சான் போடுவார், பேச்சுக்கு அது பொருத்தமாகவே இருக்கும். தூரத்திலிருந்து கேட்டால் இரண்டு பேர் உட்கார்ந்து அரட்டை அடிப்பது போலத்தான் இருக்கும்.

அம்மா டீ கொண்டுபோய் வைப்பாள். மாமா குடித்துவிட்டுத் தம்ளரை என்னிடம் கொடுப்பார். "அப்பாவுக்குப் போர்வை கேளு", "ஜன்னலைச் சாத்தச் சொல்லு" எல்லாம் என் வழியாகத்தான். நான்கு பேர் இருக்கும் சின்ன அறையில் அது எவ்வளவு நாள் நடக்கும், தானாகக் கரைந்துவிடும் என்று அம்மா நம்பினாள். என்னிடம் அடிக்கடி, "இன்னிக்கு மூஞ்சி கொஞ்சம் தேவலை இல்ல?" என்பாள்.

இரண்டாவது அடைப்பு காலை ஒன்பது மணிக்கு வந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்வந்த பிறகு எல்லோரும் கலைந்தார்கள். மாமா கடைசியாகக் கிளம்பினார். வாசலில் அம்மா நின்றிருந்தாள். மாதக்கணக்கில் முதல்முறையாக அவர் அவளை நேராகப் பார்த்துப் பேசினார்.

"எதாவது உதவி வேணும்னா சொல்லி அனுப்புங்க" என்றார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை அம்மா அசையவில்லை. பிறகு என்னிடம், "என்ன சொன்னான், கேட்டியா?" என்றாள். அக்கம்பக்கத்தார் நின்றிருந்ததால் மரியாதைக்கு அப்படி வந்திருக்கும் என்று நான் சமாளித்தேன். அவளும் அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனோம். அத்தை ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மாமா கூடத்தில் இருந்தார். எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க" என்றார். "சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்டார்.

"சாப்பிட்டேன்ணா" என்றாள் அம்மா. அவள் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. அத்தை கெஞ்சிப் பார்த்தாள், நான் ஒருமுறை கடைக்குப் போய்ச் சண்டைகூடப் போட்டேன். மாமா, எனக்கு அவங்க மேல கோபமே இல்லையே என்றார். உண்மையாகவும் இருக்கலாம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் மருந்து வாங்கி அனுப்புகிறார். என் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்து எல்லா வேலையும் இழுத்துப்போட்டுச் செய்தார். தங்கையிடம், "மண்டபத்துச் சாவி உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார்.

அம்மா இப்போதும் மாதத்துக்கு ஒரு ஞாயிறு இரண்டு பஸ் மாறிப் போகிறாள். போனால் அரை மணி நேரம் உட்காருகிறாள். சென்ற மாதம் நானும் கூடப் போனேன். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம், எனக்கு மட்டும் இடம் கிடைத்தது, அவளை உட்கார வைத்துவிட்டு நான் நின்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, அண்ணன் கேட்டபோதே சொல்லியிருந்தால் அப்பாவை இழந்திருப்பேனா என்று கேட்டாள். இழந்திருக்க மாட்டாய் என்றேன். "ஆமா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருப்பாரு, அவ்வளவுதான்" என்றாள். கண்டக்டர் வந்தார். அம்மா கைப்பையைத் திறந்து இரண்டு டிக்கெட் கேட்டாள்.